வடிகட்டாத குப்பி

தண்ணீர் மாதிரி எடுக்கும் குப்பியைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. சோப்புத் தூளில் பாஸ்பேட் கலந்திருக்கக்கூடும். அது குப்பியின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு, ஏரி செய்யாத குற்றத்தை ஏரியின்மேல் சுமத்திவிடும். நீர்த்த அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, பிறகு எடுக்கப்போகும் தண்ணீராலேயே மும்முறை குலுக்கிக் கொட்டிய பின்னரே குப்பியை நிரப்ப வேண்டும். பதினான்கு மாதங்களில் நான் இதில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் அனுப்பிய குப்பிகள் அனைத்தும் நேர்மையானவை என்பதைத் தாங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

என் பெயர் மு. மாரப்பன். வயது எழுபத்தொன்று. பாப்பிரெட்டிப்பட்டிக்கு அருகிலுள்ள எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அறிவியலும் தமிழும் கற்பித்து ஓய்வுபெற்றவன். குறைதீர்க்கும் நாளில் செல்லம்மாள் மாவட்ட ஆட்சியராகிய தங்களிடம் கொண்டுவந்து தரும் மனுவை எழுதியவனும் நான்தான். அவளுடைய கணவன் பச்சியப்பன் ஏரியில் உரத்தைக் கொட்டி மீன்களைக் கொன்றான் என்று எங்கள் ஊராட்சியின் பதிவேடு சொல்கிறது. அவன் குடித்து ஈரல் கெட்டுச் செத்தான் என்று ஊர் சொல்கிறது. இரண்டும் உண்மையல்ல, இறந்தவரின் பெயரிலிருந்து அவற்றை நீக்கித் தர வேண்டும் என்று அந்த மனு கேட்கிறது. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அதில் எழுத்துப்பிழை இராது. ஆனால் அவள் தனக்குத் தெரிந்ததை மட்டுமே சொன்னாள். மீதியை நான் இந்தத் தாள்களில் எழுதுகிறேன்.

எங்கள் புங்கன் ஏரி பெரியதன்று; நிரம்பினால் பன்னிரண்டு ஏக்கர். வாணியாற்றுக் கால்வாயில் வரும் தண்ணீரில் அது நிரம்பும். மிகுதி மறுகால் வழியே மீண்டும் ஆற்றில் இறங்கி, தென்பெண்ணையோடு சேர்ந்து, கடலூர்ப் பக்கம் கடலில் கலக்கும். மலையடிவாரம் தொடங்கி முகத்துவாரம் கடந்து கரையோரக் கடல்வரை ஏழு இடங்களில் தண்ணீர் எடுத்து, அதில் பாஸ்பரஸ் எந்தெந்த வடிவத்தில் பயணம் செய்கிறது என்று ஆராய்கிறவர் வெண்மதி. கடற்கரையில் உள்ள ஓர் ஆய்வு நிலையத்தில் பணி. ஒவ்வோர் இடத்திலும் வாரம் ஒருமுறை தண்ணீர் எடுத்து அனுப்ப நம்பகமான ஒருவர் அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டார். மூன்றாம் நிலையம் எங்கள் ஏரி. என்னை யாரோ கைகாட்டினார்கள். நானும் ஒப்புக்கொண்டேன். ஊதியம் எதுவும் வாங்கவில்லை.

வியாழன்தோறும் இரண்டு குப்பிகள். ஒன்றில், ஊசிக்குழாயின் முனையில் பொருத்திய நுண்ணிய வடிதாளின் வழியாகச் செலுத்திய தண்ணீர். மற்றொன்றில், ஏரியில் இருந்தபடியே மொண்ட தண்ணீர். வடிகட்டிய குப்பி கரைந்திருக்கும் பாஸ்பரஸை மட்டும் காட்டும். வடிகட்டாத குப்பி, மண்துகளில் ஒட்டியிருப்பதையும் உயிர்களுக்குள் இருப்பதையும் சேர்த்துக் காட்டும். இதை வெண்மதி எனக்கு விளக்கிய அன்றே நான் அதை ஒரு கதையாக மாற்றிவிட்டேன். அது என் பழக்கம். கதையாகாத எதையும் என்னால் பிறருக்குச் சொல்ல முடிந்ததில்லை.

மலையிலிருந்து கடலுக்குப் புறப்பட்டார்கள் மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவன் தண்ணீரோடு தண்ணீராகக் கரைந்து நீந்திப் போனான். நடுவுள்ளவனுக்கு நீந்தத் தெரியாது. மண்ணின் முதுகில் தொற்றிக்கொண்டு போனான். இளையவன் சோம்பேறி, பாசியின் வயிற்றிலும் மீனின் வயிற்றிலும் படுத்துக்கொண்டே போனான். மூவரில் நடுவுள்ளவனைத்தான் கவனிக்க வேண்டும். ஏரி கண்ட இடத்தில் இறங்கி, சேற்றில் ஆண்டுக்கணக்கில் தூங்குவான். அடித்தண்ணீரில் காற்றுப் போதாமல் போனால் விழித்துக்கொண்டு, மண்ணின் முதுகை விட்டுவிட்டு, மூத்தவனைப் போல நீந்தத் தொடங்குவான். முகத்துவாரத்தில் உப்புத் தண்ணீர் பட்டாலும் அப்படித்தான். அன்றைக்குப் பாசிக்கு விருந்து. ஏரி பச்சையாகும். பச்சை தடித்த பிறகு விடியற்காலையில் மீனுக்கு மூச்சு இருக்காது.

குடியரசு நாள் கிராமசபையில் இந்தக் கதையைச் சொல்லித்தான் என் கோரிக்கையை வைத்தேன். முப்பது ஆண்டுகளாகத் தக்காளிக்கும் மஞ்சளுக்கும் போட்ட உரத்தில் வயல் குடித்தது போக மீதி நம் ஏரியின் சேற்றில் தூங்குகிறது; தண்ணீரை வடித்து வண்டலை அள்ளி வயலுக்கே அடித்துவிட்டால் ஏரியும் பிழைக்கும், உரச்செலவும் குறையும்; செய்யாவிட்டால் சித்திரை பிறப்பதற்குள் ஏரி பச்சையாகும், மீன் செத்து மிதக்கும் என்றேன். நாள் குறித்துச் சொன்னால்தான் மனதில் பதியும் என்பது என் அனுபவம்.

வார்டு உறுப்பினர் ராஜாமணி எழுந்தார். பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருப்பவர்.

“அந்த அண்ணன் தம்பிக்கு இன்னும் பாகப்பிரிவினை ஆவலீங்களா சார்?”

பின்னாலிருந்து ஒருவர், “கடைசிப் பையன் நம்ம ராஜாமணியாட்டம் இருக்கறானுங்க. படுத்துக்கிட்டே ஊரு போய்ச் சேர்றான்” என்றார். சபை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பச்சியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. ஏரியின் மீன் குத்தகை அவனுடையது. என் பழைய மாணவன். நாற்பத்தைந்து வயதிலும் என்முன் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பான். “வண்டல் எடுக்கணும்னா தண்ணிய வடிக்கணுமுங்க சார்,” என்றான். “மீனு இன்னும் கையளவுகூட வரலீங்க. ஆனி வரைக்கும் பொறுத்துக்கிட்டீங்கன்னா, நானே மம்முட்டிய எடுத்துக்கிட்டு மொத ஆளா வந்து நிக்கறனுங்க.”

நியாயமான பேச்சு. சபை அவன் பக்கம் சாய்ந்தது. என் கோரிக்கையை ஒத்திவைத்தார்கள். அவன்மேல் எனக்குக் கோபம் ஏதுமில்லை. இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் எனக்கு ஏரி ஜோசியர் என்று பெயர் வந்தது. காலையில் நான் டீக்கடையைக் கடக்கும்போதெல்லாம் ராஜாமணி, “என்னங்க சார், ஏரி பச்சையாயிருச்சுங்களா, இன்னும் நாளு இருக்குதுங்களா?” என்பார். கெட்ட மனிதர் அல்லர். என் வீட்டில் விசேஷம் என்றால் வந்து நின்று பந்தி பரிமாறுகிறவர். என்றாலும், முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் வாய் திறந்தால் கைகட்டிக் கேட்ட ஊரில், நான் வாய் திறப்பதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கினார்கள். அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

இங்கே இன்னொரு கதையையும் சொல்லியாக வேண்டும். ஆறாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் நான் சொல்லும் கதை, நானே கட்டியது. ஓர் ஏரிக்கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. வேடன் வருகிறான், வேடன் வருகிறான் என்று அது தினமும் கத்தியது. கொக்கும் நாரையும் அதைக் கேலி செய்தன. ஒரு நாள் வேடன் வந்தான். எல்லாம் வலையில் விழுந்தன. குருவி மட்டும் மேலே பறந்து, சொன்னேனே, சொன்னேனே என்று கத்தியது. எச்சரிக்கையை மதிக்க வேண்டும் என்பது பாடம். ஓர் ஆண்டு, கடைசி வரிசையில் இருந்த பச்சியப்பன் எழுந்து, “வேடன் வராமயே போயிட்டா, அந்தக் குருவி என்னங்க சார் பண்ணும்?” என்று கேட்டான். கதைக்கு வெளியே கேள்வி கேட்கக் கூடாது என்று உட்காரச் சொன்னேன்.

மாசி பிறந்து, பருவம் தப்பிய மழை இரண்டு பெய்தது. ஏரி தெளிந்தது. கரையில் நின்றால் அடியில் கிடக்கும் கிளிஞ்சல் தெரிந்தது. மாசிக் கடைசியில் வெண்மதி தொலைபேசியில் அழைத்தார்.

“சார், நல்ல செய்தி. உங்க ஏரியில கரைஞ்ச பாஸ்பேட் பாதியா குறைஞ்சிருக்கு. இந்தக் கோடை தாங்கிடும் சார். நீங்கதான் ரொம்பக் கவலைப்பட்டுக்கிட்டு இருந்தீங்க.”

நான் மகிழ்ச்சி தெரிவித்தேன். அன்று மதியம் என்னால் சாப்பிட இயலவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

இரும்பு துருப்பிடிப்பதைப் பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் எழுதிவிடுவார்கள். ஆனால் ஆணி துருப்பிடிக்க நாள்கணக்காகும். அதுவரை மாணவன் காத்திருக்க மாட்டான். ஆகவே ஆசிரியர் தண்ணீரில் கொஞ்சம் உப்பைப் போடுவார். ஆணி அடுத்த வகுப்புக்குள் துருப்பிடிக்கும். இதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. என்றோ ஒரு நாள் நடக்கப்போவதை, பார்க்க வேண்டியவர்கள் பார்க்கும் காலத்துக்குள் நடக்கச் செய்கிறோம். அவ்வளவுதான். இப்படித்தான் அப்போது எண்ணினேன். இப்போதும் இந்தச் சிந்தனையில் எனக்குப் பெரிய பிழை தெரியவில்லை.

கடைவீதியில் ஒரு மூட்டை டிஏபி உரம் வாங்கினேன். ஐம்பது கிலோ. எனக்கு ஓர் ஏக்கர் மஞ்சள் உண்டு, யாரும் வியப்படையவில்லை. உரக்கடை இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்தால்தான் மூட்டை தருவார்கள். என் ரேகை அங்கே பதிவாகியிருக்கிறது. எவரும் இதுவரை அதைத் தேடவில்லை.

ஒரு கேனுக்கு எட்டுக் கிலோ என்று கரைத்தேன். வாரத்துக்கு இரண்டு கேன், மூன்று வியாழக்கிழமைகள். நடு ஏரியில் தண்ணீர் எடுக்க எப்போதும் பச்சியப்பனின் பரிசலில்தான் போவேன். கேன்களைக் கரையிலிருந்து பரிசலுக்குத் தூக்கி வைத்தவன் அவனே. எனக்கு முழங்கால் தேய்மானம். காலை ஒன்பது மணி. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள், “தண்ணி டெஸ்டுங்களா சார்?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

“கேன் கனமா இருக்குதுங்க சார். என்னங்க இதுல?”

“ஆய்வுக் கரைசல் பச்சியப்பா. தண்ணீர் எந்தப் பக்கம் நகருகிறது என்று பார்ப்பதற்கு.”

மூடியைத் திறந்ததும் முகர்ந்தான். “உர வாசன அடிக்குதுங்களே.”

“அதே வகை உப்புதான். ஒரே இடத்தில் கொட்டாதே. பரிசலைச் சுற்றவிட்டுக்கொண்டே ஊற்று.”

அவன் துடுப்பை ஒரு கையால் போட்டுக்கொண்டு மறுகையால் கேனைச் சாய்த்தான். பரிசல் மெல்லச் சுழன்றது. “சாமிக்கு அபிஷேகம் பண்றாப்ல இருக்குதுங்க சார்” என்று சிரித்தான். அவன் சிரித்தபோது எனக்கும் மனம் இலேசாக இருந்தது.

ஒன்றைக் குறிப்பிட வேண்டும். மூன்று வியாழனிலும் குப்பிகளை முதலில் நிரப்பிக்கொண்ட பிறகே கேனைத் திறக்கச் சொன்னேன். ஆய்வின் நேர்மை கெடக் கூடாது.

அடுத்து வந்தவற்றைக் குப்பிகளே சொல்லின. முதலில் வடிகட்டிய குப்பியின் அளவு ஏறியது. மூத்தவன் வந்துவிட்டான். இரண்டு வாரத்தில் அது விழுந்து, வடிகட்டாத குப்பியின் அளவு ஏறியது. கரைந்தது எல்லாம் பாசியின் வயிற்றுக்குள் போய்விட்டது. வடிதாள் பச்சை வட்டமாயிற்று. நான்காம் வியாழன் ஊசிக்குழாயை எவ்வளவு அழுத்தியும் தண்ணீர் இறங்கவில்லை, கட்டைவிரல் வலித்தது. மறுநாள், பங்குனி இருபத்தெட்டாம் நாள், விடிந்தபோது ஏரியின் கிழக்குப் பாதி பச்சைப் பெயின்ட் ஊற்றியது போல இருந்தது. ரோகுவும் கட்லாவும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையெல்லாம் ஒதுங்கிக் கிடந்தன.

நஞ்சம்மாளின் ஆடுகள் நான்கு அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வீடு போய்ச் சேருமுன் பாதையில் விழுந்தன. அவள் வந்து என் எதிரில் நின்றாள். “வண்டல் வேணாமின்னு கைதூக்குன மனுசனுக்கெல்லாம் ஒண்ணும் ஆவலீங்க. எம்பட ஆடு கிராமசபைல கையெழுத்துப் போட்டுச்சுங்களா சார்?” என்றாள்.

அன்று ஊரே கரையில் இருந்தது. ராஜாமணிதான் முதலில் வந்து என் கையைப் பிடித்தார். “சார், நாங்க முட்டாளுங்க சார்,” என்றார். கண் கலங்கியிருந்தது. ஒரு செய்தியாளர் கைப்பேசியை நீட்டினார். கூட்டம் என்னைச் சுற்றி நின்று, முதலிலிருந்து சொல்லச் சொன்னது. நான் மூன்று அண்ணன் தம்பிகளின் கதையைச் சொன்னேன். ஆள்காட்டிக் குருவியின் கதையையும் சொன்னேன். ஒருவரும் இடையில் பேசவில்லை. ஓய்வுபெற்ற பிறகு அவ்வளவு அமைதியான வகுப்பு எனக்கு வாய்த்ததில்லை.

பச்சியப்பன் அப்போது ஏரிக்குள் இருந்தான். செத்த மீன் அழுகினால் நாற்றம் ஊருக்குள் வரும், உடனே அள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கழுத்தளவு பச்சையில் நின்று, முங்கி முங்கி வலையை இழுத்தான். எழும்போதெல்லாம் வாயிலிருந்து தண்ணீரைத் துப்பினான்.

இந்தப் பாசியில் சில வகை, ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். வெண்மதி அனுப்பிய கட்டுரையில் படித்திருந்தேன். பென்சிலால் அடிக்கோடும் இட்டிருந்தேன். கூப்பிட்டு, வெளியே வா பச்சியப்பா, வாயில் படவிடாதே என்று சொல்லியிருக்கலாம். நான் நின்ற இடத்திலிருந்து அவனுக்குக் கேட்கும். ஆனால் கதை நடுவில் இருந்தது. கதையை நடுவில் நிறுத்தினால் அது யார் மனதிலும் தங்காது. முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். முடித்தவுடன் செய்தியாளர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அவன் மூன்று நாள் அள்ளினான்.

இரண்டாம் நாளே கரையில் வேறு பேச்சு எழுந்தது. இவ்வளவும் சேற்றிலிருந்துதான் வந்ததா என்று யாரோ கேட்டார்கள். பச்சியப்பன் வீட்டில், மீன்குஞ்சு வளர்க்கும் குட்டைக்குப் போடுவதற்கு வைத்திருந்த அரை மூட்டை சூப்பர் பாஸ்பேட் உரத்தைக் கண்டுபிடித்தார்கள். மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் வைத்திருப்பதுதான். இருந்தாலும் மூட்டை மூட்டைதானே. மீனைச் சீக்கிரம் பெருக்க ஏரியிலேயே கொட்டிவிட்டான் என்றார்கள். அவன் மறுத்தான். கேன்களைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நானும் கரையில்தான் இருந்தேன்.

ஐந்து நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தான். கண் மஞ்சளாக இருந்தது. நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“சோறு எறங்க மாட்டேங்குதுங்க சார். நாளைக்குத் தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போலாமுன்னு இருக்கறேன்.”

“போய்ப் பார்த்துவிடு,” என்றேன்.

வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். பிறகு, “சார், அந்த ஆள்காட்டிக் கதைல நான் ஒண்ணு கேட்டனுங்க. ஞாபகம் இருக்குதுங்களா?” என்றான்.

இல்லை என்றேன்.

“வுடுங்க சார். நான் ஆருகிட்டயும் சொல்லல. சொன்னாலும் ஆரு நம்பப் போறாங்க? நான் ஊத்துனேன். எங்கையாலதான ஊத்துனேன்.”

வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்ள அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. குனிந்து எடுத்துக் கொடுக்கலாமா என்று நினைத்தேன். மாணவன் கூச்சப்படுவான் என்று விட்டுவிட்டேன். அங்கிருந்து ஐந்தாம் நாள் மருத்துவமனையில் இறந்தான். ஈரல் முழுதும் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஈரல் என்றதும் ஊர் குடி என்றது. அவன் ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்த நாள்முதல் அவனை அறிவேன். சாராய வாசனை பட்டாலே வாந்தி எடுப்பவன். துக்க வீட்டில் ராஜாமணி, “கொஞ்சம் குடிப்பானுங்களா சார்?” என்று மெதுவாகக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். ஒரு மனிதனைப் பற்றி எல்லாம் தெரியும் என்று சொல்ல நாம் யார்.

அதற்கு ஒரு வாரம் கழித்து வெண்மதி அழைத்தார். ஏரியின் அடிச்சேற்றைக் குழாயில் எடுத்துப் போய், அதில் பாஸ்பரஸ் எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்திருந்தார்.

“சார், சேத்துல இரும்போட ஒட்டியிருந்தது அப்படியே இருக்கு. ஒண்ணுமே வெளிய வரல. இது வெளிய இருந்து கரைஞ்ச வடிவத்துலயே வந்து விழுந்திருக்கு. யாராவது உரம் போட்டாங்களா சார்?”

நடுவுள்ளவன் விழிக்கவே இல்லை என்பதை அவ்வாறு அறிந்தேன். “பச்சியப்பன் குஞ்சுக் குட்டைக்குச் சூப்பர் பாஸ்பேட் போடுவது வழக்கம்தான்,” என்றேன். இதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. தாங்களே எடுத்துப் பார்க்கலாம். இறந்தவனுக்கு இதனால் புதிய இழப்பு எதுவும் இல்லை என்றும் எண்ணினேன். அந்தப் பெண் அதை அறிக்கையில் எழுதினார். மே முதல் நாள் கிராமசபையில் அது வாசிக்கப்பட்டது. மீன் குத்தகைதாரர் அளவுமீறி உரமிட்டதே காரணம் என்று ஒரு தீர்மானம். வண்டலை உடனே அள்ள வேண்டும் என்று இன்னொரு தீர்மானம். இரண்டும் ஒருமனதாக நிறைவேறின. என் கையெழுத்து திருத்தமாக இருக்கும் என்பதால் பதிவேட்டில் அவற்றை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன்.

சென்ற வாரம் செல்லம்மாள் வந்தாள். மகள் மணிமேகலையைப் பள்ளியில், மீனுக்கு விஷம் வைத்தவன் மகள் என்கிறார்களாம். பெண் பள்ளிக்குப் போக மறுக்கிறாளாம்.

“நீங்க எழுதுனா ஆபீசருங்க படிப்பாங்க சார். எங்க வூட்டுக்காரரு கடைசில ஆஸ்பத்திரில உங்க பேரத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாருங்க. சாருக்குத் தெரியும், சாரக் கேளுன்னாருங்க.”

“என்ன கேட்கச் சொன்னான்?”

“அதுக்குள்ள பேச்சு நின்னுருச்சுங்க.”

அவள் சொல்லச் சொல்ல மனுவை எழுதி, வாசித்துக் காட்டினேன். அழுதுகொண்டே, “அப்படியே எம் மனசுல இருக்கறத எழுதிட்டீங்க சார்,” என்று கும்பிட்டாள். அவள் போன பிறகு வெண்மதியின் குப்பிகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். வடிகட்டிய தண்ணீர் எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும். இந்த ஆண்டு நான் பிறரிடம் சொன்ன வாக்கியங்கள் அத்தகையவை. ஆகவே வடிகட்டாததையும் ஒருமுறை எழுதிவிடுவது முறை என்று தோன்றிற்று.

புங்கன் ஏரியில் உரத்தைக் கரைத்தது நான். ஊற்றச் சொன்னது நான். பச்சியப்பன் அந்தத் தண்ணீரில் நிற்பதைத் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தது நான். அவன் பெயரில் உள்ள இரண்டு பழியும் என்னுடையவை. தாங்கள் என்ன தண்டனை விதிக்கச் செய்தாலும் நான் மறுப்புச் சொல்லப் போவதில்லை. அவனைத் திருப்பித் தர எனக்கு வழியில்லை. இந்தத் தாள்களைத் தவிர என்னிடம் தருவதற்கு வேறொன்றும் இல்லை.

நானே நேரில் வந்திருக்க வேண்டும். முழங்கால் இருக்கும் நிலையில் தர்மபுரிவரை பேருந்தில் நின்று வர இயலாது. எனவே இதையும் மனுவோடு அதே உறையில் வைத்து ஒட்டியிருக்கிறேன். செல்லம்மாள் கொண்டுவருவாள். உறை ஏன் கனமாக இருக்கிறது என்று கேட்டாள். இணைப்புகள் என்றேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். தீர்மானத்தைத் திருத்தும்போது, குடியரசு நாள் கிராமசபையில் நான் பேசியதையும் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். அன்று அதை எழுதாமல் விட்டுவிட்டார்கள். சித்திரை பிறப்பதற்குள் என்று சொல்லியிருந்தேன். மூன்று நாள் முன்னதாகவே ஏரி பச்சையாயிற்று. நான் சொன்னது தவறவில்லை.